தீபாவளிக் கடை வேலைக்கு நேர்முகம் போகுமுன்

மேலூர்
புரட்டாசி, புதன்கிழமை

அன்புள்ள தாயிக்கு,

தீபாவளி சீசனுக்குக் கடை வேலைக்குப் போகட்டுமா என்று கேட்டாய். தாராளமாகப் போ. போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும் என்றுதான் எழுதுகிறேன். ஜவுளிக் கடையில் ஆள் எடுக்கும் மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருபவன் உன் அப்பன். அங்கே எதைப் பார்த்து எடுக்கிறார்கள், எதைக் கேட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள் என்பது அத்துப்படி.

இந்த வாரமே கிளம்பு. பெரிய கடைகளில் ஆயுத பூஜைக்குள் முக்கால்வாசி இடம் நிரம்பிவிடும். அதற்கப்புறம் எடுப்பதெல்லாம் பேக்கிங்குக்கும் பை கொடுக்கவும்தான். செவ்வாய் அல்லது புதன், காலை பத்தரை மணிக்குப் போ. பூஜை போட்டு, கூட்டிப் பெருக்கி, கூட்டம் ஏறாத நேரம் அது. சனி, ஞாயிறும் சாயங்காலமும் போனால் மேனேஜர் உன் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டார். உள்ளே நுழைந்து கவுண்டரில் நிற்பவர்களிடம் வேலை கேட்காதே. வாசலில் செக்யூரிட்டி அண்ணனிடம் "சீசன் வேலைக்கு யாரைப் பார்க்கணும்ணே" என்று கேள். பெரிய கடைகளில் ஆள் எடுக்கிற அறை பெரும்பாலும் மேல்மாடியில் இருக்கும். மதுரை விளக்குத்தூண் பக்கத்துப் பழைய கடைகளில் கல்லாவில் இருக்கும் முதலாளியே கேட்டு முடித்துவிடுவார்.

ஒரு பக்க பயோடேட்டா, பாஸ்போர்ட் அளவு போட்டோ நான்கு, ஆதார் நகல், பாஸ்புக் முதல் பக்க நகல், பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல் நகல் எடுத்துக்கொள். ஒவ்வொரு நகலிலும் குறுக்கே கடைப் பெயர், தேதி, "வேலைக்காக மட்டும்" என்று எழுதிக் கையெழுத்துப் போடு. ஒரிஜினலைக் காட்டலாம், கொடுக்கக் கூடாது. "வேலை முடிஞ்சதும் தர்றோம்" என்று ஒரிஜினல் கேட்கிற கடையும், யூனிஃபார்முக்கு முன்பணம் கட்டச் சொல்லுகிற கடையும் வேண்டவே வேண்டாம்.

உடை சாதாரணப் பருத்திச் சுடிதார் போதும். துப்பட்டாவை இரண்டு தோளிலும் பின் குத்திக்கொள், தலையைப் பின்னிக்கொள், குலுங்குகிற வளையல் வேண்டாம். பார்க்கிறவர் மனதுக்குள் உனக்கு யூனிஃபார்ம் போட்டுத்தான் பார்ப்பார்.

இனி முக்கியமான கேள்விக்கு வருகிறேன். அழகும் ஆங்கிலமும் அங்கே இரண்டாம்பட்சம். இவள் கடைசி ராத்திரி வரை நிற்பாளா என்பது ஒன்றைத்தான் அளக்கிறார்கள். புது ஆளுக்கு எந்த அடுக்கில் எது, என்ன விலை என்று பிடிபடவே ஒரு வாரம் ஆகும். வியாபாரமோ கடைசிப் பத்து நாளில் குவியும். நடுவில் நின்றுபோகிற ஆளால் கடைக்கு இரட்டை நட்டம். அதனால் அதே கேள்வியை வேறு வேறு வேஷம் போட்டுக் கேட்பார்கள்: "வீட்ல விடுவாங்களா?" "தீபாவளிக்கு ஊருக்குப் போக வேணாமா?" "காலேஜ்ல பரீட்சை வருமே?" "பார்த்துக்கலாம் சார்" என்று மட்டும் சொல்லிவிடாதே. தேதியோடு சொல்: "இந்தத் தேதியில இருந்து வர்றேன். தீபாவளிக்கு முந்தின நாள் ராத்திரி கடை அடைக்கிற வரைக்கும் இருப்பேன். நடுவுல இன்டர்னல் பரீட்சைக்கு இந்த ரெண்டு நாள் மட்டும் காலையில வர முடியாது." விடுப்பை நீயே முந்திச் சொன்னால் நம்புவார்கள். வேலைக்குச் சேர்ந்தபின் சொன்னால் ஏமாற்றிவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள்.

அடுத்து "எங்க தங்கியிருக்க?" என்பார்கள். ஹாஸ்டல் என்று சொன்னதுமே "எத்தனை மணிக்கு கேட்டைப் பூட்டுவாங்க?" என்று வரும். நிறையப் பிள்ளைகளுக்கு வேலை போவது இந்த இடத்தில்தான். அத்தையிடம் பேசிவிட்டேன், அந்த நாட்களில் கீழவாசலில் தங்கிக்கொள். அங்கிருந்து விளக்குத்தூணுக்கும் தெற்கு மாசி வீதிக்கும் நடையிலேயே போய்விடலாம். தீபாவளி நெருங்கினால் மாசி வீதிகளுக்குள் வண்டி நுழையாது, ஆட்டோக்காரர் நூறு சாக்குச் சொல்வார். "கடைப் பக்கத்துலயே அத்தை வீடு, ராத்திரி மாமா வந்து கூட்டிட்டுப் போவாங்க" என்று சொன்னால் அந்தக் கேள்வி அதோடு முடிந்தது.

"எந்த வேலைன்னாலும் செய்வேன்" என்றும் சொல்லாதே. சொன்னால் குடோனில் மூட்டை பிரிக்கத்தான் போடுவார்கள். குழந்தைகள் ரெடிமேட் கேள், கிடைக்காவிட்டால் சுடிதார். பட்டு கேட்காதே. அதைப் பழைய ஆட்கள்தான் விற்பார்கள், சீசன் ஆளுக்கு அங்கே மடித்து அடுக்குகிற வேலை மட்டும்தான். பில் கவுண்டரும் வேண்டாம். உட்கார்ந்து பார்க்கிற வேலைதான், ஆனால் கல்லா குறைந்தால் யார் தலையில் விழும் என்று தெரியாமல் அதில் உட்காரக் கூடாது.

சில கடைகளில் ஒரு புடவையைக் கையில் கொடுத்து, "என்னைக் கஸ்டமரா நெனைச்சு வித்துக் காட்டு" என்பார்கள். அடுக்கை எல்லாம் இழுத்துப் போடுவதுதான் புதியவர்கள் செய்வது. முதலில் "யாருக்கும்மா பார்க்கிறீங்க? எந்தக் கலர் வேண்டாம்?" என்று இரண்டே கேள்வி. பிறகு நடுத்தர விலையில் மூன்று எடுத்துப் போடு, அவர் கை எதன்மேல் போகிறது என்று பார். "என்ன ரேட்ல?" என்று முதல் வாயிலேயே கேட்பது எனக்குப் பிடிக்காது, பாதிப் பேருக்கு முகம் சுருங்கும். விளக்குத்தூணில் "வாங்கக்கா, வாங்கம்மா" என்பதுதான் எடுபடும், மாலில் "மேடம்" வேண்டும். காட்டி முடித்ததும் பழைய மடிப்பிலேயே, ஜரிகை உள்பக்கம் போக, விலைச் சீட்டு வெளியே தெரிய மடித்து வை. விற்றுக் காட்டியதைவிட அதைத்தான் மேனேஜர் கவனிப்பார்.

கணக்கும் கேட்பார்கள். 1,299 ரூபாய்க்கு 20% தள்ளுபடி என்றால் 1,300 என்று வைத்துக்கொண்டு 260-ஐக் கழி, ஏறக்குறைய 1,039 வரும். 50% போக இன்னொரு 20% என்றால் 70% ஆகாது: 1,000 ரூபாய் துணி 500 ஆகும், அந்த 500-இல் 20% கழிந்து 400. மொத்தத் தள்ளுபடி 60%தான். கஸ்டமர் சண்டை பிடிப்பது பெரும்பாலும் இதில்தான், அதனால் மேனேஜர் கட்டாயம் கேட்பார். ரெடிமேட் உடைக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு உருப்படி 2,500 ரூபாய் வரை 5%, அதற்கு மேல் 18%. அளவும் கொஞ்சம் தெரிந்து வை: புடவை ஐந்தரை மீட்டர், பிளவுஸ் துணி சேர்ந்தால் ஆறேகாலை ஒட்டி வரும். நாலு முழ வேட்டி ஒற்றை, எட்டு முழம் இரட்டை. குழந்தை உடைக்கு வயதை மட்டும் கேட்டு எடுக்காதே, ஒரே வயதில் இரண்டு அளவு வரும். பிள்ளை கூட வந்திருந்தால் தோளில் வைத்துப் பார்.

அவர்கள் கேட்டு முடித்ததும் "வேற எதாவது கேக்கணுமா?" என்பார்கள். எல்லாரும் தலையாட்டிவிட்டு எழுந்து வருவது அப்போதுதான். நீ சிறு நோட்டைத் திறந்து பணிவாகக் கேள். நாள் கூலியா, மாதச் சம்பளமா? மாதம் என்றால் 26-ஆல் வகுப்பார்களா, 30-ஆலா? உதாரணத்துக்கு 12,000 என்று வை. 26-ஆல் வகுத்தால் நாளுக்கு 461, 30-ஆல் வகுத்தால் 400. நீ 25 நாள் நின்றால் வித்தியாசம் 1,500 ரூபாய்க்கு மேல். ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் பிடிப்பா, இரண்டு நாள் பிடிப்பா? சம்பளம் எந்தத் தேதியில், கையிலா பாங்கிலா? பாங்கில் கேள். "தீபாவளி முடிஞ்சு வந்து வாங்கிக்க" என்றால் தேதியை அங்கேயே, அவர் பார்க்கும்படி நோட்டில் எழுது. ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பிடித்தால் உன் பங்கு 0.75% மட்டும், 12,000-க்கு 90 ரூபாய். போனஸ் என்று ஆசை காட்டினால் மயங்காதே. சட்டப்படியான போனஸுக்கு அந்த வருடத்தில் குறைந்தது 30 வேலை நாள் இருக்க வேண்டும், சீசன் ஆள் பெரும்பாலும் அதைத் தொடுவதில்லை. இன்சென்டிவ், அதாவது விற்றுக் கொடுத்ததற்கான ஊக்கத்தொகை உண்டா, எந்தச் சரக்குக்கு என்று கேள், அதுதான் கைக்கு வரும்.

நேரம் பற்றி: தமிழ்நாட்டுக் கடைச் சட்டப்படி நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. ஓவர்டைம் சேர்த்தால் நாளுக்கு 10, வாரத்துக்கு 54, கூடுதல் நேரத்துக்குக் கூலி இரட்டிப்பு. உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021-இல் அந்தச் சட்டத்தில் சேர்த்தார்கள். இதையெல்லாம் அங்கே ஒப்பிக்காதே, வக்கீல் மாதிரி இருக்கும், எடுக்க மாட்டார்கள். "ராத்திரி லேட்டானா அதுக்குத் தனிக் கணக்கா சார்? சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம்? நடுவுல உட்கார இடம் இருக்கா?" என்று கேட்டால் போதும். பதிலை விட அவர் பதில் சொல்லும் விதம்தான் கடையைக் காட்டும். சிரித்துக்கொண்டே எண்ணைச் சொன்னால் நல்ல கடை. "வந்து பாரும்மா, எல்லாம் நல்லா இருக்கும்" என்றால் அடுத்த கடைக்குப் போ. ஒரே காலையில் நான்கு கடை ஏறி இறங்கலாம்.

வேலை உறுதியானால் ஒரு குதிகால் உயராத செருப்பு வாங்கு, புதுசை அன்றைக்கே போட்டுக்கொண்டு போகாமல் ஒரு வாரம் பழக்கு. சில கடைகளில் உள்ளே செருப்பே விடமாட்டார்கள், அதையும் கேட்டுக்கொண்டு வாங்கு.

ஹாஸ்டலில் வெளியே தங்க அனுமதிக்கு என் கையெழுத்து கேட்பார்கள். படிவத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு, ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டுக்கு வரும்போது போட்டுத் தருகிறேன். அம்மாவுக்கு இதில் அரை மனசுதான். ராத்திரி யார் கூட்டிப் போவது என்பதை நீயே அவளிடம் ஒருமுறை சொல்லிவிடு.

அன்புடன்,
அப்பா

பி.கு.: சித்தப்பாவின் கூட்டாளி பட்டாசுக் கடைக்கு ஆள் தேடுகிறார், கூலி கூடுதல் என்றார். போகவே நினைத்தால் முதலில் இடத்தைப் போய்ப் பார். தற்காலிகக் கடை என்றால் தீப்பிடிக்காத பொருளில் போட்ட ஷெட்டாக இருக்க வேண்டும், இரண்டு கடைக்கு நடுவே 3 மீட்டராவது இடைவெளி வேண்டும், எதிரெதிராகக் கடை போடக் கூடாது, லைசென்ஸும் இருக்க வேண்டும். சாமியானாவும் மூங்கிலும் கண்ணில் பட்டால் திரும்பி வந்துவிடு.