அப்டேட்டுக்குப் பிறகு தானாக லென்ஸ் மாற்றும் கேமரா: புகார்

பெறுநர்: மேலாளர் அவர்கள், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: லென்ஸைப் பூட்டும் வசதி நீக்கப்பட்டது தொடர்பாக

மதிப்பிற்குரிய ஐயா,

திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் வட்டாரத்தில் நடுகற்களைப் படமெடுத்து, போட்டோகிராமெட்ரி முறையில், அதாவது பல கோணங்களில் எடுத்த படங்களை மென்பொருளில் இணைத்து, முப்பரிமாண மாதிரிகளாக்கி வருகிறேன். என்னிடம் ட்ரோனும் இல்லை, பெரிய கேமராவும் இல்லை. உங்கள் போன் மட்டும்தான். இரண்டு ஆண்டுகளாக எந்தக் குறையும் வைக்கவில்லை. போன மாதம் வந்த அப்டேட்டுக்குப் பிறகுதான் இந்தச் சிக்கல்.

வயல் வரப்பில் நாலடி உயரத்தில் ஒரு நடுகல். வில்லேந்திய வீரன், தலைக்கு மேலே நான்கு வரி வட்டெழுத்து. சாலை வேலைக்காக மறுநாள் அதைப் பெயர்த்து வேறு இடத்தில் வைக்கப் போவதாகச் சொன்னார்கள். நின்ற இடத்திலேயே பதிவு செய்ய எனக்கு ஒரு காலைப் பொழுதுதான் இருந்தது. நல்ல வேளை, மேகமூட்டம். கல்லில் நிழல் விழவில்லை. கல்லடியில் அளவுகோலை வைத்துவிட்டு, மூன்று உயரங்களில் சுற்றிச் சுற்றி வந்து எடுத்தேன். ஒரு படத்தில் தெரிவதில் முக்கால் பங்காவது அடுத்ததிலும் தெரிய வேண்டும் என்பதால், அரை எட்டு நகர்ந்ததும் ஒரு படம். கடைசியாக எழுத்துகளைக் கிட்டப்போய் எடுத்தேன். மொத்தம் 164.

வீட்டுக்கு வந்து மென்பொருளில் ஏற்றினால், வீரன் சரியாக வந்தான். எழுத்துப் பகுதி மட்டும் உருகிய மெழுகு மாதிரி இருந்தது. ஒவ்வொரு படத்தோடும் கேமரா தானே பதிந்துவைக்கும் எக்ஸிஃப் விவரத்தைத் திறந்து பார்த்தேன். 118 படங்களில் லென்ஸின் குவியத்தூரம் 5.4 மி.மீ. கிட்டத்தில் எடுத்த 46 படங்களில் 1.8 மி.மீ. கல்லை நெருங்கியதும் போன் சொல்லாமல் கொள்ளாமல் அகலக்கோண லென்ஸுக்குத் தாவியிருக்கிறது. அதன் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கி, பழைய லென்ஸ் போலவே திரையில் காட்டியிருக்கிறது. வரப்பில் குனிந்து எடுப்பவனுக்கு இது எப்படித் தெரியும்?

அதோடு விடவில்லை. தொலைந்த விவரத்தை ஈடுகட்டத் தானே கோடுகளைக் கூர்மையாக்கியும் இருக்கிறது. ஒரே எழுத்தின் வளைவு ஒரு படத்தில் மூடியிருக்கிறது, அடுத்த படத்தில் திறந்திருக்கிறது. ஒரே புள்ளியைப் பல படங்களில் தேடிப் பொருத்தித்தான் மென்பொருள் ஆழத்தைக் கணக்கிடுகிறது. கல்லில் இல்லாத கோட்டைக் கேமரா வரைந்தால் எதை எதோடு பொருத்துவது? ஒரு வளைவு மாறினால் எழுத்தே மாறிவிடும், ஐயா.

உங்கள் சேவை மையத்தில் போனை ரீசெட் செய்து கொடுத்தார்கள். அப்புறமும் அதேதான். கிட்டத்தில் லென்ஸ் மாறுவதை நிறுத்த முன்பு அமைப்புகளில் ஒரு பொத்தான் இருந்தது. இப்போது அது இல்லை. கோடுகளைக் கூர்மையாக்கும் காட்சி மேம்பாட்டை அணைத்தாலும், கேமராவை மூடித் திறந்தால் மறுபடி தானாகவே இயங்குகிறது.

அந்தப் பொத்தானைத் திரும்பக் கொடுங்கள். அணைத்த அமைப்பு அணைந்தே இருக்கட்டும். முதன்மை லென்ஸில் பதப்படுத்தாத ரா கோப்பாக எடுக்கவும் வழி செய்யுங்கள். முடியாதென்றால், பழைய பதிப்புக்குத் திரும்ப அனுமதியுங்கள். 30 நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் வராவிட்டால், மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடுவேன்.

அந்தக் கல் இப்போது பழைய இடத்தில் இல்லை. 164 படங்களின் மூலக் கோப்புகளையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். உங்கள் பொறியாளர் ஒருவர் அந்த 46 படங்களையாவது திறந்து பார்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்