வேலூர் பெட்ரோல் பங்க் உரிமையாளர்களுக்கு: நாசில் பக்கத்தில் ஆக்டேன் எண்ணையும் எழுதி வையுங்கள்

வேலூர், காட்பாடி, சத்துவாச்சாரி, பள்ளிகொண்டா பக்கம் பெட்ரோல் பங்க் நடத்தும் உரிமையாளர்களுக்கும் மேலாளர்களுக்கும் வணக்கம்.

கேட்க வந்தது சின்ன விஷயம்தான். பெட்ரோல் ஊற்றும் ஒவ்வொரு நாசில் பக்கத்திலும், அதில் வரும் பெட்ரோலின் ஆக்டேன் எண் எவ்வளவு (அது என்னவென்று கீழே சொல்கிறேன்), அதில் கலந்த எத்தனால் என்ற ஆல்கஹால் எத்தனை சதவீதம் என்று தமிழில் ஒரு போர்டு வையுங்கள். விலையை எழுதுகிறீர்கள், டென்சிட்டியை (அடர்த்தியை) எழுதுகிறீர்கள். கலப்படம் பார்க்க ஃபில்டர் பேப்பர் கேட்டால் கொடுக்கிறீர்கள். கொஞ்சம் முகம் சுளித்தாலும் 5 லிட்டர் அளவையில் ஊற்றிக் காட்டுகிறீர்கள். இதில் எதுவுமே ஆக்டேனைச் சொல்லாது. அதை ஆய்வுக்கூடத்தில், அதற்கென்றே செய்த ஒற்றை சிலிண்டர் இன்ஜினை ஓட்டித்தான் அளப்பார்கள். நாங்கள் பார்த்தோ முகர்ந்தோ கண்டுபிடிக்க வழியில்லை.

என்னுடையது ஒரு லிட்டர் டர்போ இன்ஜின் வைத்த குட்டிக் கார். சின்ன கார்தான், மிதித்தால் சீறும். இந்த மாதிரி காரைப் பார்த்தாலே உங்கள் பையன்களுக்கு ஒரு கணக்கு வந்துவிடுகிறது. "சார், சாதா ஸ்டாக் இல்ல, பிரீமியம் போடட்டுமா?" என்கிறார்கள். அதே நேரத்தில் பக்கத்து வரிசையில் ஆட்டோவுக்கு சாதா ஓடிக்கொண்டிருக்கிறது. சில பங்குகளில் கேட்பதுகூட இல்லை, நேராக அந்த நாசிலை எடுத்துவிடுகிறார்கள். இதில் எத்தனை ஆக்டேன் தம்பி என்று கேட்டால், "நல்லா மைலேஜ் தரும் சார்" என்பதுதான் பதில். அந்தப் பையன்மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

ஆக்டேன் என்பது சக்தியின் அளவு இல்லை. அழுத்தமும் சூடும் ஏறும்போது, ஸ்பார்க் பிளக் பொறி தட்டுவதற்கு ஏற்றபடி எரியாமல் தன்னிஷ்டத்துக்கு வெடித்துவிடாமல் பெட்ரோல் எவ்வளவு தாங்கும் என்பதன் அளவு. அப்படித் தாறுமாறாக வெடிப்பதைத்தான் மெக்கானிக்குகள் நாக்கிங் என்கிறார்கள். டர்போ காரில் காற்றையே அழுத்தி உள்ளே தள்ளுவதால் இந்தத் தொல்லை சீக்கிரம் வரும். உள்ளே போகும் காற்று சூடாக இருந்தால் இன்னும் சீக்கிரம். நம்ம ஊர் அக்னி நட்சத்திரத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, அந்த வெயிலில் நாள் முழுக்க நிற்பவர்கள் நீங்கள்தான். 40 டிகிரி மதியத்தில் நாலு பேரை ஏற்றிக்கொண்டு, புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்த ஏலகிரியின் 14 வளைவுகளில் ஏறினால் எந்தப் பெட்ரோல் போட்டிருக்கிறது என்று காருக்குத் தெரிந்துவிடும்.

தெரிந்தால் என்ன செய்யும்? இன்ஜின் பிளாக்கில் நாக் சென்சார் என்று ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அதிர்வை உணர்ந்ததும், பொறி தட்டும் நேரத்தை கம்ப்யூட்டர் கொஞ்சம் தள்ளிப்போடும். இன்ஜின் தப்பிக்கும், இழுவை குறையும். அமெரிக்காவில் மாஸ்டா 3 டர்போ காருக்கு அந்த நிறுவனமே இரண்டு கணக்கு கொடுத்தது: 93 ஆக்டேன் பெட்ரோல் போட்டால் 250 குதிரைத்திறன், 87 போட்டால் 227. ஆகவே பிரீமியம் முழு ஏமாற்று என்று சொல்பவர்களோடு நான் சேரமாட்டேன். அதிக ஆக்டேனைப் பயன்படுத்திக்கொள்ளத் தெரிந்த இன்ஜினுக்கு அது வேலை செய்யும். தெரியாத இன்ஜினுக்கு, உதாரணமாக வீட்டு ஸ்கூட்டருக்கு, ஊற்றுவது வெறும் செலவு. ஸ்கூட்டரில் வரும் அம்மாவிடமும் அதையே தள்ளிவிடுகிறீர்களே, அதுதான் உறுத்துகிறது.

நடுவில் ஒன்று. அந்த 87, 93 எல்லாம் அமெரிக்கக் கணக்கு. இரண்டு விதமாக அளந்து சராசரி எடுத்து எழுதுவார்கள். நாம் எழுதுவது ஆர்ஓஎன் (ரிசர்ச் ஆக்டேன் நம்பர்), அந்த இரண்டில் ஒன்று மட்டும். அவர்களுடைய 87 நம்முடைய 91-க்குப் பக்கத்தில் வரும். யூடியூபில் அமெரிக்கக்காரர் "இந்த காருக்கு 91 போதும்" என்பதைக் கேட்டுவிட்டு, நம்ம சாதா பெட்ரோலே 91தானே என்று நினைக்கும் பையன்கள் கல்லூரிப் பக்கம் நிறைய. உங்கள் போர்டில் ஆர்ஓஎன் என்றும் சேர்த்து எழுதினால் அந்தக் குழப்பமும் தீரும்.

இனிமேல்தான் சிக்கலே. பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த 2020-லிருந்து சாதா என்றால் 91, அதற்கு மேல் வேண்டுமென்றால் 95 என்று ஒரு கணக்கு இருந்தது. இண்டியன் ஆயில் தன் பிரீமியத்துக்கு எக்ஸ்பி95 என்று பேரிலேயே அந்த 95-ஐ வைத்தது, அது நல்ல காரியம். மற்ற கம்பெனிப் பேர்கள் மாதிரி ஸ்பீடு, பவர் என்று மட்டும் சொன்னால் ஒன்றும் விளங்காது. அப்புறம் எத்தனால் 20 சதவீதம் ஆனது. எத்தனாலுக்கு இயல்பாகவே ஆக்டேன் அதிகம், 108-ஐ ஒட்டி. 20 சதவீதம் கலந்ததால் சாதா பெட்ரோலின் ஆர்ஓஎன் 95 ஆகிவிட்டது என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் சொன்னது. சரி, சாதாவே 95 என்றால், லிட்டருக்குச் சில ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு நீங்கள் கொடுக்கும் 95-ல் என்ன கூடுதல்? இதை நான் குதர்க்கமாகக் கேட்கவில்லை. அந்த நாசிலில் 95-க்கு மேல் வருகிறதென்றால் எழுதுங்கள், சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன்.

இன்ஜினைச் சுத்தம் செய்யும் மருந்து கலந்திருக்கிறது என்பீர்கள். இருக்கலாம், இன்ஜெக்டருக்கு நல்லதும்கூட. ஆனால் டிஎஸ்ஐ, டி-ஜிடிஐ போன்ற இன்ஜின்களில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது. உள்வரும் வால்வின் முதுகில் ஒரு சொட்டுகூடப் படாது. அங்கே படியும் கரியை எந்தப் பெட்ரோல் மருந்தும் கழுவ முடியாது. மைலேஜ் கதையும் அப்படித்தான். எத்தனாலில் உள்ள ஆற்றல் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. 20 சதவீதக் கலவையால் பழைய கார்களுக்கு 6 முதல் 7 சதவீதம் வரை மைலேஜ் குறையலாம் என்று நிதி ஆயோக் 2021-லேயே கணக்குப் போட்டது. நாசிலில் எத்தனால் அளவை எழுதச் சொல்வது இதனால்தான்.

மழைக்காலத்தைப் பற்றியும் கொஞ்சம் யோசியுங்கள். பிரீமியம் மெதுவாக விற்கும் பங்கில் அது தரையடித் தொட்டியில் அதிக நாள் கிடக்கும். 2021 நவம்பரில் பாலாறு ஓடிய மாதிரி இன்னொரு மழை வந்து, தொட்டிக்குள் தண்ணீர் இறங்கிவிட்டால், எத்தனால் பெட்ரோலை விட்டுத் தண்ணீரோடு சேர்ந்து அடியில் போய்விடும். மேலே மிஞ்சுவது ஆக்டேன் குறைந்த பெட்ரோல். பிரீமியம் விலை கொடுத்தவனுக்குக் கிடைப்பது பழைய சாதாவுக்கும் கீழே. தண்ணீர் பரிசோதனையைத் தவறாமல் செய்கிறீர்கள் என்றே நம்புகிறேன். செய்த தேதியையும் அதே போர்டில் எழுதினால் என்ன குறைந்துவிடும்?

கம்பெனியிலிருந்து பிரீமியம் இவ்வளவு விற்றாக வேண்டும் என்று உங்களை நெருக்கலாம். அது உங்களுக்கும் கம்பெனிக்கும் உள்ள பேச்சு. கிறிஸ்டியான்பேட்டை தாண்டினால் ஆந்திராவில் விலை கூடுதல் என்று அங்கிருந்து இங்கே வந்து டேங்க் நிரப்பிக்கொண்டு போகிறார்கள். வியாபாரத்துக்குப் பஞ்சமில்லாத ஊர் இது. சில ரூபாய்க்காக "ஸ்டாக் இல்ல" என்று பொய் சொல்ல வைக்கும் நிலைமை அந்தப் பையன்களுக்கு வேண்டாம்.

போர்டு வைக்க அனுமதி வாங்க வேண்டுமென்றால் வாங்குங்கள், காத்திருக்கிறேன். அதுவரை இரண்டு வேலையை நாளைக்கே தொடங்கலாம். நாசிலை எடுக்குமுன் "சாதாவா, பிரீமியமா?" என்று கேட்கச் சொல்லுங்கள். பெட்ரோல் மூடிக்கு உள்ளே காரோடு வந்த ஸ்டிக்கரில் குறைந்தபட்ச ஆர்ஓஎன் போட்டிருந்தால், அதைப் படிக்கவும் கற்றுக்கொடுங்கள். மூடியைத் திறப்பது எப்படியும் அவர்கள்தானே.

இப்படிக்கு,
காட்பாடியிலிருந்து உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்