லிட்டில் லீகில் பிள்ளைகளைச் சேர்த்திருக்கும் தமிழ்ப் பெற்றோருக்கு

அன்புள்ள நண்பர்களே,

வணக்கம். ஜூன் மாதம் நம் பிள்ளைகளின் பேஸ்பால் லீகில் ஆல்-ஸ்டார் பட்டியல், அதாவது லீகின் சார்பில் போட்டிகளில் ஆடத் தேர்வான பிள்ளைகளின் பட்டியல், வந்ததும் நம் வாட்ஸ்அப் குழு கொதிக்கும். லீகை நடத்தும் போர்டில் யார் இருக்கிறார், யார் மகனுக்கு ஷார்ட்ஸ்டாப் என்ற முக்கிய இடம் என்று இரண்டு நாள் பேசுவோம். அப்புறம் அடங்கிவிடும். அடுத்த வருஷமும் அதே போர்டு, ஏறக்குறைய அதே பட்டியல். இதை இப்படியே விட எனக்கு மனசு வரவில்லை.

போன சீசன் வரை எங்கள் லீகில் ஒரு கோச் இருந்தார். சனிக்கிழமை ஆட்டம் என்றால் விடிந்ததும் மைதானத்தில் நிற்பார். முந்தின நாள் மழை பெய்திருந்தால் இரண்டாம் பேஸ் ஓரம் தண்ணீர் தேங்கும். அதில் மண் கொட்டி, ரேக்கால் இழுத்துச் சமன்செய்து, பிறகுதான் சுண்ணாம்புக் கோடு போடுவார். பந்து வந்தாலே கண்ணை மூடிக்கொள்ளும் பையன்களைத் தனியாக நிறுத்தி, பொறுமையாக டென்னிஸ் பந்து வீசிப் பழக்குவார். ஆல்-ஸ்டார் தேர்வில் விழுந்த ஓட்டுகளை எல்லோர் முன்னாலும் எண்ணுங்கள் என்று அவர் ஒரு கூட்டத்தில் கேட்டார். வேறொன்றும் கேட்கவில்லை. இந்த வசந்தத்தில் அவருக்கு அணி தரவில்லை. காரணமும் சொல்லவில்லை.

விதிப்படி இதில் தவறு காட்ட முடியாது. லிட்டில் லீகில் மேனேஜர்களையும் கோச்சுகளையும் ஆண்டுதோறும் லீக் தலைவர் புதிதாக நியமிக்கிறார், போர்டு ஒப்புதல் தருகிறது. பிள்ளைகளிடம் கத்துகிற ஆளைச் சத்தமில்லாமல் விலக்க நல்ல வழி அது. வேண்டாதவரைக் கழற்றிவிடவும் அதே வழிதான்.

பெரியவர்களின் இந்தச் சண்டை புதிதல்ல. 1939இல் பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட்டில் லிட்டில் லீகைத் தொடங்கியவர் கார்ல் ஸ்டாட்ஸ். அமைப்பு வளர்ந்து பெரிதான பிறகு நிர்வாகத்தோடு அவருக்கு முட்டிக்கொண்டது. 1955இல் வழக்குப் போட்டார். மறு வருஷம் சமரசம் ஆனது, தொடங்கியவரே வெளியேறினார். அதே ஊரில் தனியாக ஒரு சிறிய லீகை நடத்திக்கொண்டு, தான் உருவாக்கிய அமைப்பை விட்டு ஒதுங்கியே இருந்தார். அவர் கதியே அதுவென்றால், சுண்ணாம்புக் கோடு போடும் ஒரு கோச்சுக்காக யார் பேசுவார்கள்?

நாம்தான் பேச வேண்டும். ஆனால் நாம் கூட்டத்துக்கே போவதில்லை. போர்டைத் தேர்ந்தெடுப்பது லீகின் உறுப்பினர்கள், வருடாந்தரக் கூட்டத்தில். சீசன் முடிந்து மட்டையையும் கையுறையையும் கராஜில் போட்ட பிறகு, பள்ளி திறக்கிற பரபரப்பில் அது நடந்து முடிந்துவிடுகிறது. வருகிற கொஞ்சம் பேர் ஒருவருக்கொருவர் ஓட்டுப் போட்டுக்கொள்கிறார்கள். அவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் இல்லை. சம்பளம் வாங்காமல் உழைப்பவர்கள். ஆனால் கேள்வி கேட்க ஆளில்லாத இடத்தில் யாருக்கும் தன் பிள்ளைதான் முதலில் கண்ணில் படும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒவ்வொரு லீகுக்கும் எழுதப்பட்ட சாசனம் உண்டு. யார் உறுப்பினர், யாருக்கு ஓட்டு என்று அதில் இருக்கும். பணம் கட்டிப் பிள்ளையைச் சேர்த்தால் மட்டும் ஓட்டு கிடைத்துவிடாது. பல இடங்களில் தொண்டு வேலை செய்தவருக்குத்தான் உரிமை. நம்மில் பலர் மைதானத்துத் தின்பண்டக் கடையில் ஒரு மாலை நிற்பதற்குப் பதில், அந்த வேலைக்கான கட்டணத்தைக் கட்டிவிட்டு வந்துவிடுகிறோம். ஓட்டும் அதோடு போய்விடக்கூடும். சாசனத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள், ஸ்கோர் எழுதவாவது பெயர் கொடுங்கள்.

விதிப்படி சீசன் ஆட்டத்தில் ஒவ்வொரு பிள்ளையும் எதிரணியில் குறைந்தது ஆறு பேர் அவுட் ஆகும் வரை களத்தில் நிற்க வேண்டும், ஒரு முறையாவது மட்டை பிடிக்க வேண்டும். கேட்க ஆளில்லாத பிள்ளைக்கு அந்தக் குறைந்த அளவுதான் கிடைக்கிறது, அதுவும் பந்து அதிகம் வராத ரைட் ஃபீல்டில். பன்னிரண்டு வயது அவர்களுக்கு ஒரு கோடைதான். போர்டு திருந்தும் வரை அது காத்திருக்காது.

ஆகவே இந்த முறை வாருங்கள். ஆல்-ஸ்டார் தேர்வு முறையைச் சீசன் தொடங்குமுன் எழுத்தில் தரச் சொல்வோம், ஒரு கோச்சை விலக்கினால் அவரிடமாவது காரணம் சொல்லச் சொல்வோம். நம்மில் இரண்டு பேராவது போர்டுக்கு நிற்க வேண்டும். நான் நிற்கிறேன். கூட்டத் தேதி தெரிந்ததும் குழுவில் போடுகிறேன். கார் இல்லாதவர்கள் சொல்லுங்கள், வந்து கூட்டிப்போகிறேன்.

அன்புடன்,
உங்களில் ஒரு அப்பா