எம்2-வா, கேமனா? மாப்ளேக்கு ஒரு கடிதம்

பெங்களூரு,
ஞாயிறு இரவு

அன்பு மாப்ளே,

நாலு மாதமாக உன் மெயிலுக்குப் பதில் போடாமல் இருந்தது தப்புதான், மன்னித்துவிடு. அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாயிற்று, நன்றாக இருக்கிறார், உன்னைக் கேட்டார். சின்னவள் பத்தாவது முடித்துவிட்டாள். தங்கச்சிக்குக் கைவலி குறைந்ததா? சரி, காருக்கு வருவோம்.

புது எம்2 வாங்கவா, பழைய கேமன் வாங்கவா என்று நீ கேட்ட அன்றைக்கே பதில் எழுதியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு பிஎம்டபிள்யூ எம்2 வாங்கு என்றிருப்பேன். பாதி எழுதியும் வைத்திருந்தேன். புது வண்டி, ஆறு சிலிண்டர், 480 குதிரைத்திறன், நாலு சீட்டு, இன்னும் கையால் கியர் போட முடிகிறது, இதற்கு மேல் என்ன வேண்டும் என்று. அந்த மெயிலை அனுப்பாமல் விட்டதற்குக் காரணம் போன மாதம் ஒரு காலையில் நடந்த விஷயம். இதுவரை வீட்டில்கூட நான் சொல்லவில்லை.

எங்கள் அபார்ட்மெண்டில் ஒருவர் எம்2 வைத்திருக்கிறார். நீ வாங்க யோசிக்கிறாய் என்று சொன்னதும் சாவியைக் கையில் கொடுத்துவிட்டார், அவ்வளவு நல்ல மனுஷன். காலை ஐந்தேமுக்காலுக்கு பெல்லாரி ரோட்டில் ஏர்போர்ட் தாண்டி தேவனஹள்ளிப் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். வண்டி அருமை மாப்ளே, அதில் பொய் சொல்ல மாட்டேன். இன்ஜின் நிமிடத்துக்கு 2,650 சுற்று (ஆர்பிஎம்) சுற்றும்போதே முழு டார்க்கும், அதாவது 550 நியூட்டன் மீட்டர் சுழற்று விசையும், வந்துவிடுகிறது. எந்தக் கியரில் இருந்தாலும் கவலை இல்லை, காலை வைத்தால் போகிறது. எனக்கு எண்பதில் போவது போலத்தான் இருந்தது. மீட்டரைப் பார்த்தால் 138. அந்த நேரம் பார்த்து மீடியன் இடைவெளியில் பால் கேன் கட்டிய டிவிஎஸ் எக்ஸ்எல் ஒன்று உள்ளே வந்தது. பிரேக் பிடித்தது. அப்படி ஒரு பிரேக்கை நான் மிதித்ததே இல்லை, நேர்கோட்டில் நின்றது. அந்தப் பெரியவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடந்து போனார். தவறு முழுக்க என் காலுடையது. ஓரமாக நிறுத்திவிட்டு இருபது நிமிடம் இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். அவிநாசி ரோட்டில் நம் சிநேகிதன் நெட்டைக்கு நடந்தது உனக்கும் எனக்கும் மட்டும்தான் முழுசாகத் தெரியும். அன்றைக்குப் பூரா அவன் ஞாபகம்தான்.

அதிலிருந்து என் தலைக்குள் கேள்வியே மாறிவிட்டது. எது வேகம் என்பதை விட்டுவிட்டு, எந்த வண்டி நான் போகும் வேகத்தை எனக்குச் சரியாகச் சொல்கிறது என்று யோசிக்க ஆரம்பித்தேன். அந்த மனநிலையில்தான் நீ லிங்க் அனுப்பிய அந்த செகண்ட் ஹேண்ட் போர்ஷே கேமன் ஜிடிஎஸ் 4.0-வைப் பார்க்கப் போனேன். இந்திராநகரில்தான் நிற்கிறது. உரிமையாளர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ள, அதே ரோட்டில் அதே நேரத்தில் ஓட்டினேன்.

டர்போ, அதாவது காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி, இதில் கிடையாது. நாலு லிட்டர், ஆறு சிலிண்டர், பக்கத்துக்கு மூன்றாகப் படுத்திருக்கும் இன்ஜின், நம் சீட்டுக்குப் பின்னால். 7,800 ஆர்பிஎம் வரை சுற்றுகிறது. காலை எவ்வளவு அழுத்துகிறாயோ அவ்வளவுதான் தருகிறது, அழுத்துகிற ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் சத்தம் மாறுகிறது. அறுபதில் போனால் அறுபது என்று முதுகுக்குத் தெரிகிறது. இரண்டாம் கியரை முழுசாக இழுத்தால் 130-ஐ ஒட்டிப் போய்விடும், அவ்வளவு நீளமான கியர். கர்நாடகத்தில் 130-ஐத் தாண்டினால் எஃப்ஐஆர் போடுவோம் என்று போலீஸ் 2024-லேயே அறிவித்துவிட்டார்கள். மைசூர் ஹைவேயில் நூறுக்கு மேல் போனால் கேமராவே பிடித்துக்கொள்ளும். ஆக, இந்த ஊரில் எந்த வண்டியானாலும் நூறுக்குள்தான் உனக்குச் சந்தோஷம் தர வேண்டும். அந்தச் சந்தோஷம் கேமனில் நாற்பதிலேயே ஆரம்பித்துவிடுகிறது.

பட்டறை அண்ணனிடம் போனில் சொன்னபோது "எண்பது குதிரை கம்மியாச்சேப்பா" என்றார். நீயும் அதைத்தான் சொல்வாய் என்று தெரியும். கணக்குப் போட்டுப் பார். எம்2 ஏறத்தாழ 1,700 கிலோ. கேமன் மேனுவல் 1,405. குதிரைத்திறனை எடையால் வகுத்தால் இரண்டுமே டன்னுக்கு 280-ஐ ஒட்டித்தான் வருகின்றன. மேனுவல் கியரில் பூஜ்யத்திலிருந்து நூறுக்கு எம்2-க்கு 4.2 நொடி, கேமனுக்கு 4.5. இந்த 0.3 நொடியை நீ எங்கே செலவழிக்கப் போகிறாய், சில்க் போர்டு டிராஃபிக்கிலா?

அந்த முன்னூறு கிலோ எங்கே தெரியும் என்றால் வளைவில். காவடித் தண்டின் இரண்டு முனையிலும் செம்பைக் கட்டிக்கொண்டு சுற்றிப்பார், அப்புறம் அதே செம்புகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுற்றிப்பார். கேமனில் இன்ஜின் நடுவில் இருப்பதன் அர்த்தம் அவ்வளவுதான். நந்தி மலை ஏறும்போது ஸ்டியரிங்கைத் திருப்பிய அந்தக் கணமே மூக்கு திரும்பிவிடுகிறது. எம்2 அதே வளைவை எடுக்கும், வேகமாகவே எடுக்கும், ஆனால் முதலில் எடையைச் சமாளித்துவிட்டு அப்புறம் எடுக்கும். செட்டிபாளையத்தில் கரி ரேஸ் ட்ராக் திறந்த புதிதில் வேலிக்கு வெளியே நின்று, எந்த வண்டி எங்கே பிரேக் பிடிக்கிறது என்று நோட்டில் குறித்தோமே, அந்த மாதிரி உட்கார்ந்து ரசிக்க வேண்டிய விஷயம் இது.

எம்2-வின் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். புது வண்டிக்கு வாரண்டி உண்டு. டிக்கி 390 லிட்டர். கேமனில் முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்று இரண்டு டிக்கி இருக்கிறது, ஆனால் பெரிய சூட்கேஸ் எதிலும் போகாது. கேமனில் இரண்டே சீட்டு, அதனால் பின்சீட்டுக்காக எம்2 என்று எழுதியிருந்தாய். மாப்ளே, அந்தப் பின்சீட்டில் உன் அம்மா ஏற மாட்டார், முட்டி விடாது. உன் பெரியவன் ஆறடி, தலை கூரையில் இடிக்கும். குடும்பத்துக்கு அந்த இன்னோவா இருக்கட்டும், அதை விற்காதே.

மேடு பள்ளம் பற்றிக் கேட்டிருந்தாய். விதிமுறைப்படி ஸ்பீட் பிரேக்கர் பத்து சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். எங்கள் லேஅவுட்டில் அப்படி ஒன்றுகூடக் கிடையாது. இரண்டு வண்டியும் தாழ்வுதான். ஆனால் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே கேமனுக்கு 2,475 மில்லிமீட்டர், எம்2-வுக்கு 2,747. இடைவெளி குறைந்தால் வயிறு தட்டுவதும் குறையும். குறுக்காக ஏற்றினால் சமாளிக்கலாம். இரண்டிலும் ஸ்டெப்னி இல்லை, பசை அடிக்கும் கிட்தான். டயரின் பக்கச் சுவர் கிழிந்தால் அது உதவாது, லாரியில்தான் ஏற்ற வேண்டும்.

வரி. புதிதாக எம்2 எடுத்தால் கர்நாடகத்தில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு ஆயுள் வரி 18 சதவீதம், அதன்மேல் செஸ் என்று கூடுதல் வரி. ஒரு கோடி ரூபாய் வண்டிக்கு 20 லட்சம் அதிலேயே போய்விடும். இந்தக் கேமன் கேஏ, அதாவது கர்நாடகப் பதிவு, முதல் ஆள் வரியைக் கட்டிவிட்டார். பாண்டிச்சேரியில் பதிவு செய்யலாம் என்று உன் சகலை சொன்ன யோசனையை மட்டும் காதிலேயே போட்டுக்கொள்ளாதே. வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் ஓடினால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். ஜூனில் நீ இங்கேயே குடி வரப்போகிறாய், தினமும் பயந்துகொண்டா ஓட்டுவாய்?

இன்னொன்று. பெட்ரோல் 718 கேமன் உற்பத்தியை போர்ஷே 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது. எம்2-வை அடுத்த வருஷமும் ஷோரூமில் போய்ப் பார்க்கலாம். இது இனி யாராவது விற்றால்தான்.

அதற்காக அவசரப்பட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடாதே. கம்பெனி சர்வீஸில் வண்டியை விட்டு ஓவர்-ரெவ் கணக்கை எடுக்கச் சொல்லியிருக்கிறேன். முன்னால் ஓட்டியவர் தப்பான கியருக்கு இறக்கி இன்ஜினை அளவுக்கு மேல் சுற்றவிட்டிருந்தால் இன்ஜின் கம்ப்யூட்டரான இசியூவில் அது பதிவாகி இருக்கும், அழிக்க முடியாது. அடிப்பக்கத்தைத் தூக்கிப் பார்க்க வேண்டும். டயரில் நாலு இலக்கத் தேதி இருக்கும், முதல் இரண்டு இலக்கம் எத்தனையாவது வாரம், அடுத்த இரண்டு இலக்கம் எந்த வருஷம் என்று சொல்லும். பின் டயர் இரண்டும் ஒரே வாரத்துடையவை, முன்னால் இடது பக்கம் மட்டும் வேறு. ஏன் என்று கேட்டேன், குழியில் விழுந்தது என்று மறைக்காமல் சொன்னார். அந்தப் பக்கத்து ரிம்மையும் சஸ்பென்ஷனையும் தனியாகப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். இதில் ஏதாவது தப்பாக வந்தால் நானே வேண்டாம் என்பேன்.

வாங்கினால் எனக்கு ஒரு வாக்கு கொடு. இழுத்து ஓட்ட ஆசை வந்தால் இருங்காட்டுக்கோட்டைக்கு வண்டியைக் கொண்டுபோகலாம், ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் வந்துவிடும், 3.7 கிலோமீட்டர் ரேஸ் ட்ராக், எதிரே பால்காரர் வரமாட்டார். ஹெல்மெட் என்னிடம் இரண்டு இருக்கிறது. ரோட்டில் வேண்டாம். நெட்டை இருந்திருந்தால் அவனும் நம்மோடு வந்திருப்பான்.

சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு உரிமையாளர் வரச் சொல்லியிருக்கிறார். வெள்ளி இரவே வந்துவிடு, தங்கச்சியையும் கூட்டி வா, அந்தச் சீட்டில் உட்கார்ந்து பார்த்து அவளும் சொல்லட்டும். மெல்லிய அடிப்பாகம் உள்ள ஷூ போட்டுக்கொள், கிளட்ச் கொஞ்சம் கனம். மூன்று வருஷமாக ஆட்டோமேட்டிக் ஓட்டி உன் இடது கால் தூங்கிப்போயிருக்கும், அதற்குள் உன் மாமனாரின் பழைய மாருதி ஜென்னை வாங்கி நாலு நாள் ஓட்டிப் பழகு.

உன்
மச்சான்