பாப்பா, லிமாவில் அந்தக் கயிறுகளைப் பார்த்துவிட்டு வா

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரு நாட்டை முன்பு ஆண்ட இன்காக்கள் எழுத்தே இல்லாமல் எப்படிப்பா அவ்வளவு பெரிய ராஜ்யத்தை நடத்தினார்கள் என்று நேற்று கேட்டாய், பதில் சொல்வதற்குள் மீட்டிங் என்று போனை வைத்துவிட்டாய். போனில் சொல்லி முடிகிற விஷயமும் இல்லை, அதனால் எழுதுகிறேன். இன்காக்களின் மலையூர் மாச்சு பிச்சுவுக்கு டிக்கெட் போட்டாயிற்று என்றாய். சரி, அதைப் பார்க்காமல் வரக்கூடாதுதான். ஆனால் அதற்கு முன்னால் பெருவின் தலைநகர் லிமாவிலேயே லார்கோ அருங்காட்சியகத்துக்குப் போய் கிப்புகளைப் பார்.

கிப்பு என்றால் முடிச்சுப் போட்ட கயிறு. பருத்தியிலோ, லாமா, அல்பாக்கா என்ற அந்த ஊர் விலங்குகளின் மயிரிலோ முறுக்கிய ஒரு தாய்க்கயிறு, அதிலிருந்து தோரணம் மாதிரி தொங்கும் பல கயிறுகள். தொங்கும் கயிற்றில் மேலே ஆயிரம், அதற்குக் கீழே நூறு, பத்து, கடைசியில் ஒன்றுகள். ஒன்றின் இடத்துக்கு மட்டும் முடிச்சு வேறு மாதிரி: ஐந்து என்றால் ஒரே முடிச்சில் ஐந்து சுற்று. சுழியம் என்றால் அந்த இடத்தில் முடிச்சே இருக்காது. ஒன்றுகளுக்குத் தனி முடிச்சு இருப்பதால் ஓர் எண் எங்கே முடிகிறது என்று விரலால் தடவியே சொல்லிவிடலாம். இந்தக் கணக்கை 1912இல் விளக்கிக் காட்டியவர் லீலண்ட் லாக், நியூயார்க்கில் கணக்கு வாத்தியார்.

இருபத்தெட்டு வருஷம் குடோனில் மூட்டை எண்ணி இருப்புப் பதிவேடு எழுதியவன் நான், அதனால் இன்காவாசி பற்றிப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. லிமாவுக்குத் தெற்கே கன்யேத்தே பள்ளத்தாக்கில் இன்காக்கள் கட்டிய இடம் அது. அங்கே சேமிப்புக் கிடங்கைத் தோண்டியபோது வேர்க்கடலை, மிளகாய், பீன்ஸ் இவற்றோடு சேர்த்தே கிப்புகள் கிடைத்தன. சரக்கின் மேலேயே அதன் கணக்கு! சில கயிறுகளில் முதல் எண்ணிலிருந்து ஒரே அளவு திரும்பத் திரும்பக் கழிக்கப்பட்டிருக்கிறது, அது வரியாகவோ கழிவாகவோ இருக்கலாம் என்கிறார்கள். நாங்கள் நெல்லில் ஈரப்பதத்துக்கு எடை கழிப்போமே, அதுதான் எனக்கு உடனே ஞாபகம் வந்தது.

இன்னொன்று சொல்கிறேன், இதை நிதானமாகப் படி. 1533இல் இன்கா நாட்டைப் பிடிக்க வந்த ஸ்பானியத் தளபதி பிசாரோவின் படை ஹௌஹா ஊருக்கு வந்தபோது அங்கிருந்த தலைவர்கள் ஸ்பானியர் பக்கம் சேர்ந்து சோளம், துணி, லாமா, ஆட்கள் என்று எல்லாம் கொடுத்தார்கள். பல வருஷம் கழித்து, 1561இல், லிமா நீதிமன்றத்தில் அதற்கு ஈடு கேட்டார்கள். கிப்பைப் பார்த்து வருஷவாரியாக ஒவ்வொரு பொருளையும் சொன்னார்கள், தாங்களாகக் கொடுத்தது தனி, ஸ்பானியர் கொள்ளையடித்தது தனி. அந்தத் தொகைகளை நீதிமன்றம் ஆவணமாகப் பதிவு செய்தது. அதே லிமாவில் 1583இல் கூடிய திருச்சபைப் பேரவை, கிப்புகள் பழைய வழிபாட்டோடு சேர்ந்தவை என்று அழிக்கச் சொன்னது. இன்று உலகம் முழுக்கச் சேர்த்து மிஞ்சியிருப்பது ஆயிரத்துச் சொச்சம்தான். எனக்கு இது ஆறவே மாட்டேன் என்கிறது பாப்பா, ஒரு நாட்டின் மொத்தப் பேரேடும் போய்விட்ட மாதிரி.

எல்லாம் இன்காக்களே கண்டுபிடித்தது என்று மட்டும் நினைக்காதே. அவர்கள் கை ஓங்கியிருந்தது நூறு வருஷம்கூட இல்லை. இன்கா அரசர் பச்சாகூத்தி பட்டத்துக்கு வந்தது 1438 என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு, 1532இல் இன்கா அரசர் அத்தாவால்பா கஹமார்க்கா ஊரில் ஸ்பானியரிடம் பிடிபட்டுவிட்டார். அதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே, சுமார் 600இலிருந்து 1000 வரை, அயாகூச்சோ பக்கத்திலிருந்து ஆண்ட வாரிகள் சாலை போட்டார்கள், கிப்பும் வைத்திருந்தார்கள். வாரி கிப்பில் கயிற்றின் மேல் கலர் நூலைச் சுற்றியிருப்பார்கள், பார்த்ததுமே வித்தியாசம் தெரியும். வாரிகளைப் பற்றி யாருமே பேசுவதில்லை என்பது என் குறை. இன்காக்களின் தலைநகராக இருந்த குஸ்கோ போனால் அங்கிருந்து முப்பது கிலோமீட்டரில் பிக்கியாக்தா இருக்கிறது, அவர்கள் கட்டிய ஊர், ஓர் அரை நாள் ஒதுக்கு. லிமாவிலும் மிராஃபுளோரெஸ் பகுதியில் வாக்கா புக்யானா என்று ஒரு மண்செங்கல் மேடு, அலமாரியில் புத்தகம் அடுக்கின மாதிரி செங்கல்களை நிமிர்த்தி வைத்துக் கட்டியது. அது வாரிகளுக்கும் முந்தியது, பிற்பாடு வாரிகள் அங்கே தங்கள் ஆட்களைப் புதைத்திருக்கிறார்கள்.

அப்புறம், லிமா கடற்கரை ஊர், குஸ்கோ 3,400 மீட்டர் உயரம். இறங்கின அன்றைக்கே அலையாதே, ஒரு நாள் முழுக்கப் படுத்து ஓய்வெடு, தண்ணீர் நிறையக் குடி. அம்மா இதை மூன்று தடவை எழுதச் சொன்னாள்.

லார்கோவுக்குப் போகும் அன்று வீடியோ கால் போடு. இங்கே நடுராத்திரியாக இருந்தாலும் பரவாயில்லை. ஒரு கயிற்றை மட்டும் கிட்டத்தில் காட்டு, கடைசி முடிச்சு 8 என்ற எழுத்தின் வடிவத்தில் இருந்தால் அது ஒன்று என்று எண்ணிக்கொள், மற்றதை நான் மேலேயிருந்து எண்ணிச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா