பணம் கட்டும் முன் தூணைக் காட்டுங்கள்

பாஸ்டன் ஃபென்வே பார்க் உள்ளிட்ட பழைய பேஸ்பால் மைதானங்களுக்கு டிக்கெட் விற்கும் பொறுப்பாளர்களுக்கும், அந்த டிக்கெட்டுகளை மறுவிற்பனை செய்யும் தளங்களை நடத்துவோருக்கும்,

வணக்கம்.

தூண்களைப் பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்ல எங்களிடம் ஒன்றுமில்லை. கிராண்ட்ஸ்டாண்ட் (பார்வையாளர் அரங்கு) கூரையைத் தாங்கும் அந்த இரும்புத் தூண்கள் எங்கெங்கே நிற்கின்றன, எந்த இருக்கையில் உட்கார்ந்தால் எது மறையும் என்பது உங்களுக்குத் தெரியும். மாதம் நாலு ஆட்டம் பார்க்கும் உள்ளூர்க்காரருக்கும் தெரியும். தெரியாதவர் ஒருவர்தான். வேறு மாநிலத்திலிருந்தோ வேறு நாட்டிலிருந்தோ விமானம் ஏறி, வாழ்நாளில் ஒரே ஒரு முறை அந்த மைதானத்தைப் பார்த்துவிட வருகிற ரசிகர். அவருக்காகத்தான் இந்த மடல்.

கேட்பது ஒன்றே. தூண் மறைக்கும் இருக்கையை விற்கும்போது, அந்த இருக்கையிலிருந்து எடுத்த படத்தை, பணம் கட்டும் முன்பே காட்டுங்கள்.

தூண்களை எடுத்துவிடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. அப்படிக் கேட்பவருக்கு அந்த மைதானத்தின் அருமை தெரியாது. ஃபென்வே திறக்கப்பட்டது 1912 ஏப்ரல் 20. அதே நாளில் திறந்த டெட்ராய்ட் மைதானம் 1999-இல் மூடப்பட்டு, பின்னர் இடிக்கப்பட்டது. அந்தத் தலைமுறை மைதானங்களில் பெரிய லீக் ஆட்டம் இன்றும் நடப்பவை ஃபென்வேயும் 1914-இல் திறந்த சிகாகோ ரிக்லி ஃபீல்டும் மட்டுமே. தாங்குதூண் இல்லாமல் கூரையையும் மேல்தட்டையும் நீட்டிக் கட்டும் முறை அப்போது வழக்கத்தில் இல்லை. பின்னாளில் வந்த மைதானங்கள் தூண்களை ஒழித்தன. அதற்கு விலையாக மேல்தட்டு பின்னுக்குப் போனது, ரசிகரும் ஆட்டத்தை விட்டுத் தள்ளிப் போனார். பழைய மைதானத்தில் பேட்டில் பந்து படும் ஓசை அவ்வளவு அருகில் கேட்கிறதென்றால், தூண்களும் அதற்கு ஒரு காரணம். சென்னை சேப்பாக்கத்தில் 2011 உலகக் கோப்பைக்காகப் புதுப்பித்தபோது, பார்வையை மறைத்த பழைய தூண்களையும் கூரையையும் எடுத்துவிட்டு, கம்பிவடங்களில் நிற்கும் கூரையைப் போட்டார்கள். அங்கே அது சரி. ஃபென்வேயில் அதைச் செய்தால் எதைப் பார்க்க வந்தோமோ அதுவே போய்விடும். தூண் இருக்கட்டும். அது இருக்கிறது என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள் என்பதுதான் எங்கள் வேண்டுகோள்.

தூணுக்குப் பின்னால் உட்காருவது எப்படியிருக்கும் என்று ஒரு தடவை பொறுமையாக யோசித்துப் பாருங்கள். கிராண்ட்ஸ்டாண்டின் நீல மர இருக்கைகள் 1934 புனரமைப்புக் காலத்தவை. ஒன்றின் அகலம் சுமார் 15 அங்குலம். முன்னால் தூண். பந்து வீசும் பிட்சர் கையை உயர்த்தும்போது அவரைப் பார்க்க இடப்பக்கம் சாய வேண்டும். பந்து கையை விட்டதும் பேட்டரைப் பார்க்க வலப்பக்கம் சாய வேண்டும். பிட்சர் நிற்கும் மவுண்டிலிருந்து பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட் வரை 60 அடி 6 அங்குலம். வேகப்பந்து அதைக் கடக்க அரை நொடிகூட ஆகாது. அதற்குள் எந்தக் கழுத்தும் திரும்பாது. ஆகவே அந்த இருக்கைக்காரர் ஒன்று பந்து புறப்படுவதைப் பார்க்கலாம், அல்லது அது வந்து சேருவதைப் பார்க்கலாம். இரண்டையும் சேர்த்துப் பார்க்க முடியாது. பிட்சருக்கும் பேட்டருக்கும் நடுவே நடப்பதுதான் இந்த ஆட்டத்தின் உயிர். அதில் பாதியை அவர் ஒன்பது இன்னிங்ஸும் இழக்கிறார். 2023-இல் பந்து வீச நேரக் கெடு வைக்கும் பிட்ச் கிளாக் வந்த பிறகு, பேஸ்களில் ஓட்டக்காரர் யாரும் இல்லாதபோது 15 நொடிக்குள் அடுத்த பந்து வந்துவிடுகிறது. சாய்ந்து, நிமிர்ந்து, மறுபடி சாய்ந்து இரண்டரை மணி நேரம். அவர் சாயும் ஒவ்வொரு தடவையும் 15 அங்குல இருக்கையில் பக்கத்தில் இருப்பவரும் ஒதுங்கியாக வேண்டும்.

‘பார்வை சற்று மறையும்’ என்று குறிப்பு போட்டுத்தானே விற்கிறோம் என்பீர்கள். போடுபவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சொற்களால் ஒரு பயனும் இல்லை. ஏன் என்று கணக்காகவே சொல்கிறோம்.

தூணின் அகலம் ஒரு அடி என்று வைத்துக்கொள்வோம். அதற்கு 10 அடி பின்னால் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவர் கண்ணிலிருந்து ஹோம் பிளேட் 150 அடி தூரம். அங்கே அந்தத் தூண் மறைக்கும் அகலம் 15 அடி. இரண்டு கண்ணாலும் பார்ப்பதால் இரண்டு மூன்று அடி குறையலாம். அப்படியும் பேட்டர், அவருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சர், அம்பயர் மூன்று பேரும் அந்த மறைவுக்குள் அடங்கிவிடுவார்கள். இப்போது அதே வரிசையில் ஒரே ஒரு இருக்கை தள்ளி உட்காருங்கள். ஹோம் பிளேட் இருக்கும் தூரத்தில் மறையும் இடம் பதினேழரை அடி நகர்ந்துவிடும். முந்தைய இருக்கையில் மறைந்த பேட்டர் இப்போது முழுசாகத் தெரிவார். அவருக்குப் பதிலாக யாரும் நிற்காத வெறும் புல்தரை மறைந்தால் யாருக்கும் நட்டமில்லை. இன்னும் இரண்டு இருக்கை தள்ளினால் பிட்சர் மறையலாம். இதே தூணுக்கு 30 அடி பின்னால் போய்விட்டால் 150 அடி தூரத்தில் மறைவது வெறும் 5 அடி.

அதாவது ஒரே பிரிவில், ஒரே வரிசையில், தோளோடு தோள் உரசும் இரண்டு இருக்கைகளில் ஒன்று அருமையானது, மற்றது கொடுத்த காசுக்குக் கேடு. இரண்டுக்கும் ஒரே குறிப்பைப் போட்டால் அதை வைத்து வெளியூர்க்காரர் எதைத் தீர்மானிப்பார்? முழுப் பிரிவுக்கும் சேர்த்து ஒரு படம் காட்டும் தளங்களிலும் இதே குறைதான். அந்தப் படம் அந்தப் பிரிவின் நல்ல இருக்கையிலிருந்து எடுத்ததாக இருந்துவிட்டால், குறிப்பே இல்லாததைவிட அது மோசம். இருக்கைக்கு ஒரு படம் வேண்டும் என்று நாங்கள் அழுத்திக் கேட்பது இதனால்தான்.

மறுவிற்பனையில் இது இன்னும் கெடுகிறது. முதல் விற்பனையில் இருந்த குறிப்பு, டிக்கெட் இரண்டாம் கைக்குப் போகும்போது பல நேரம் கழன்று விழுந்துவிடுகிறது. விற்பவர் பிரிவையும் வரிசையையும் மட்டும் போடுகிறார். சில பட்டியல்களில் இருக்கை எண்கூட இருப்பதில்லை, பணம் போன பிறகுதான் தெரியவரும். தூரத்திலிருந்து வருபவர் பயண நாளை முதலில் முடிவுசெய்துவிட்டுப் பிறகு ஆட்டத்தைத் தேடுகிறவர், அதனால் பெரும்பாலும் மறுவிற்பனையில்தான் வாங்குகிறார். ஊரிலிருந்து கோடையில் வந்திருக்கும் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிற நம் குடும்பங்களும் அப்படித்தான். நாலு பேருக்கு நாலு டிக்கெட், விமானச் செலவு, ஓட்டல் வாடகை எல்லாம் கணக்குப் பார்த்து வாங்கியவர், கடைசியில் அந்த வயதான மனிதரைத் தூணுக்குப் பின்னால் உட்கார வைக்க நேர்ந்தால் அவர் மனம் என்ன பாடுபடும்?

2025 மே 12 முதல் அமெரிக்க மத்திய வணிக ஆணையத்தின் விதிப்படி, நேரடி நிகழ்ச்சி டிக்கெட்டுகளின் கட்டாயக் கட்டணங்களை எல்லாம் சேர்த்து முழு விலையை முதலிலேயே காட்டியாக வேண்டும். கடைசித் திரையில் கட்டணம் தலைநீட்டுவது தவறு என்று சட்டமே சொல்லியாயிற்று. மைதானத்துக்குள் போன பிறகு தூண் தலைநீட்டுவது மட்டும் எப்படிச் சரியாகும்?

ஒவ்வொரு இருக்கைக்கும் தனிக் கவனம் தர முடியாது என்று சொல்லிவிடாதீர்கள். ஃபென்வேயில் 42ஆம் பிரிவு, 37ஆம் வரிசை, 21ஆம் இருக்கை சிவப்பு. 1946 ஜூன் 9 அன்று புகழ்பெற்ற பேட்டர் டெட் வில்லியம்ஸ் அடித்த பந்து 502 அடி பறந்து வந்து விழுந்த இடம் என்று, சுற்றியிருக்கும் பச்சை இருக்கைகளுக்கு நடுவே அந்த ஒன்றை மட்டும் சிவப்பாக வைத்துக் காக்கிறார்கள். ஒரு இருக்கையை அவ்வளவு துல்லியமாக நினைவில் வைத்திருக்கும் மைதானம் அது. இன்னொன்றும் உண்டு. பகல் ஆட்டங்களில் நடுமைதானத்துக்குப் பின்னாலுள்ள 35ஆம் பிரிவு இருக்கைகளைக் கருந்துணியால் மூடிவிடுகிறார்கள், பேட்டரின் கண்ணுக்குப் பந்து துலக்கமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக. இரவில் 37,755 பேர் உட்காரும் இடத்தில் பகலில் 37,305 பேர்தான். 450 இருக்கைகளின் வருமானத்தை விட்டுக்கொடுத்து பேட்டரின் பார்வையைக் காப்பாற்றுகிறீர்கள். அதை நாங்கள் மனதார மதிக்கிறோம். காசு கொடுத்து வந்தவரின் பார்வைக்கும் அதில் ஒரு பங்கு அக்கறை காட்டுங்கள்.

வேலையும் பெரிதில்லை. தூண் மறைக்கும் இருக்கைகள் 5,000 என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு ஒரு நிமிடம் என்றால் 83 மணி நேரம் சொச்சம். இருவர் கொண்ட இரண்டு குழுக்கள் நாளுக்கு ஏழு மணி நேரம் உழைத்தால் ஆறு நாளில் முடிந்துவிடும். அக்டோபருக்கும் மார்ச்சுக்கும் இடையே பேஸ்பால் ஆட்டம் நடப்பதில்லை. பனி விழுமுன் எடுத்துவிடலாம். ஆனால் எடுக்கும் விதம் முக்கியம். நின்றுகொண்டு எடுத்தால் பயனில்லை. உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டம் தரையிலிருந்து ஏறக்குறைய 4 அடி, கேமரா அந்த உயரத்தில் இருக்க வேண்டும். அகலக்கோண லென்ஸ் வேண்டாம். அதில் காட்சி விரிந்து தூண் சின்னதாகிவிடும், பார்ப்பவர் ஏமாந்துபோவார். கேமரா ஹோம் பிளேட்டை நோக்கியிருக்கட்டும். படத்தில் ஹோம் பிளேட், மவுண்ட், முதல் பேஸ் மூன்றுக்கும் ஒரு புள்ளி வையுங்கள். மூன்றில் எது தூணுக்குப் பின்னால் போகிறது என்பது ஒரு பார்வையில் தெரிந்துவிடும். பின்வரிசைகளில் இன்னொரு படமும் தேவைப்படும். அங்கே மேலேயுள்ள கூரை வானத்தை மறைப்பதால் உயரமாக அடித்த பந்து கண்ணிலிருந்து காணாமல் போய்விடுகிறது. ரிக்லியில் மேல்தட்டுக்குக் கீழேயுள்ள பின்வரிசைகளிலும் இதே கதைதான். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் படம் பிரிவு, வரிசை, இருக்கை எண்ணோடு பிணைந்திருக்க வேண்டும். டிக்கெட் எத்தனை கை மாறினாலும் படம் கூடவே போக வேண்டும். விற்பவரின் விருப்பத்துக்கு விடக் கூடாது.

இப்படிச் செய்தால் அந்த இருக்கைகள் விலைபோகாது என்ற அச்சம் வேண்டாம். மலிவாகக் கிடைத்தால் தூண் இருந்தாலும் பரவாயில்லை, உள்ளே போனால் போதும் என்கிறவர்கள் ஏராளம். அவர்கள் தெரிந்தே வாங்குவார்கள், மகிழ்ச்சியாகவே உட்காருவார்கள்.

சொல்ல வந்தபோது மற்றவையும் நெஞ்சில் முட்டுகின்றன. டிக்கெட் முழுக்கக் கைப்பேசிக்குள் போய்விட்டது. உள்ளூர் சிம் இல்லாத வெளிநாட்டுப் பயணி, ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் மொய்க்கும் வாசலில் நெட்வொர்க் கிடைக்காமல் திண்டாடுகிறார். வலப்புற மூலையில் தொடக்க எண்கள் கொண்ட பிரிவுகளில் இருக்கைகள் ஹோம் பிளேட்டைப் பார்த்து அமையாததால், தூணே இல்லாவிட்டாலும் ஆட்டம் முழுக்கக் கழுத்தைத் திருப்பியே வைத்திருக்க வேண்டும். அதையும் யாரும் முன்னால் சொல்வதில்லை. தொலைவிலிருந்து வருபவர் திரும்ப வரமாட்டார், வந்து சண்டை போடமாட்டார் என்பதால்தான் இவை எல்லாம் இப்படியே நீடிக்கின்றனவோ என்று வருத்தமாக இருக்கிறது. 37 அடி 2 அங்குலம் உயர்ந்து நிற்கும் அந்தப் பச்சை மதிலை, அதன் அடியில் இன்றும் கையால் மாற்றப்படும் ஸ்கோர் பலகையை, ஒரு தடவை நேரில் பார்க்க ஆசைப்பட்டு வருகிறவரை இப்படி நடத்துவது முறையா?

கோபம் கொஞ்சம் எட்டிப் பார்த்துவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றைப் பிறகு பேசலாம். இப்போதைக்கு அந்த ஒன்றை மட்டும் செய்து கொடுங்கள்: தூண் மறைக்கும் இருக்கை ஒவ்வொன்றுக்கும் அங்கிருந்து எடுத்த ஒரு படம், பணம் கட்டும் முன்பே. அடுத்த சீசன் டிக்கெட் விற்பனை தொடங்குமுன் குறைந்தபட்சம் கிராண்ட்ஸ்டாண்டின் முன்வரிசைத் தூண்களுக்குப் பின்னாலுள்ள இருக்கைகளிலிருந்தாவது தொடங்குங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தொலைவிலிருந்து வரும் ரசிகர்கள்