தரவையில் எண்ணிய பறவைகள்: நண்பருக்கு ஒரு கடிதம்

யாழ்ப்பாணம்,
மாசி மாதம்.

அன்புள்ள நண்பருக்கு,

உமது கடிதம் சென்ற வாரம் கைக்குக் கிடைத்தது. ஒன்ராறியோ ஏரிக்கரையில் வைகாசி இறுதியில் கூட்டங் கூட்டமாகக் கடந்து போகும் கோட்டான் என்ற, வளைந்த நீண்ட அலகுடைய கரைப்பறவைகளைப் பற்றி நீர் எழுதியிருந்த பகுதியை எங்கள் பறவை நோக்குவோர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். பள்ளிக் காலத்தில் துடுப்பாட்டத்தைத் தவிர வேறெதிலும் நாட்டம் காட்டாத நீர் இந்த வயதில் பறவைகளின்மேல் மனம் வைத்திருக்கிறீர் என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது. ஊரிலே நீங்கள் என்ன செய்கிறீர்கள், இத்தனை பேர் கூடிப் பறவைகளை எண்ணி எழுதி வைப்பதால் என்ன பயன் என்று கேட்டிருந்தீர். அதற்கு விரிவாகவே பதில் எழுத வேண்டியிருப்பதால் வீட்டுச் சேதிகளை அடுத்த கடிதத்துக்கு ஒத்தி வைக்கிறேன். எல்லோரும் நலம் என்பதை மட்டும் இப்போதைக்கு அறிந்துகொள்ளும்.

எங்கள் ஆண்டின் பெரிய வேலை தை மாதத்தில் நடக்கும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பே. ஆசியா முழுவதற்குமான இந்தக் கணக்கெடுப்பு 1987 ஆம் ஆண்டு தொடங்கியது. இலங்கையில் அதனை, 1943 இலிருந்து இயங்கி வரும் சிலோன் பேர்ட் கிளப் என்ற பழைய கழகம் ஒருங்கிணைக்கிறது. வடக்கிலிருந்து வந்த பறவைகள் வலசையை முடித்துக்கொண்டு ஓரிடத்தில் நிலைத்து நிற்கும் காலம் அது என்பதால், ஒரே கூட்டத்தை இரண்டு இடங்களில் எண்ணிவிடும் வாய்ப்பு அப்போது குறைவு. பண்ணைத் தாம்போதி, மண்டைதீவு, கல்லுண்டாய் வெளி, அராலி, பொன்னாலை, தொண்டைமானாறு, சரசாலைக் குருவிக்காடு, ஆனையிறவு என்று ஆட்களைப் பிரித்துக்கொண்டு விடியற்காலையிலேயே புறப்பட்டுவிடுவோம். எங்களுள் ஆசிரியர்கள் இருக்கிறார்கள், பல்கலைக்கழக மாணவர்கள் இருக்கிறார்கள், குருநகரைச் சேர்ந்த கடற்றொழிலாளர் ஒருவரும் இருக்கிறார். அந்த அண்ணை சேர்ந்த பின்னர்தான் எங்கள் வேலை சரியான வழிக்கு வந்தது என்பேன். எங்கள் கடல்நீரேரியில் வற்றும் பெருக்கும் அதிகமில்லை. காற்றும் மழையுமே நீர்மட்டத்தைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. எந்தக் காற்றுக்கு எந்தப் பக்கத்துச் சேறு வெளிப்படும், எங்கே றாலும் மீன்குஞ்சும் ஒதுங்கும், ஆகவே பறவை எங்கே கூடும் என்பதை அவர் முதல் நாள் மாலையிலேயே சொல்லிவிடுவார். மீன்பிடிக்க நீரில் நட்டிருக்கும் களங்கண்ணித் தடிகளில் வரிசையாக அமர்ந்திருக்கும் ஆலாக்களை நாங்கள் இனம் பிரித்து முடிப்பதற்குள் அவர் தொகையைச் சொல்லிவிடுவதும் உண்டு.

எண்ணுவது எப்படி என்று புதிதாக வரும் மாணவர்கள் திகைப்பார்கள். ஆனையிறவில் ஊசிவால் வாத்துகளும் நாமத்தலை வாத்துகளும் நீர்ப்பரப்பை மூடிக் கிடக்கும்போது ஒவ்வொன்றாக எண்ணுவது நடவாத காரியம். முதலில் பத்துப் பறவைகளைக் கவனமாக எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கின்றன என்பதைக் கண்ணில் பதித்துக்கொள்ள வேண்டும். பிறகு அதே அளவைக் கூட்டத்தின்மேல் வைத்து வைத்து நூறாகவும் ஆயிரமாகவும் நகர்த்திச் செல்ல வேண்டும். இருவர் தனித்தனியே எண்ணி, இரு தொகைகளும் மிகவும் விலகி நின்றால் மீண்டும் எண்ணுவோம். தெரியாத பறவையை ‘தெரியவில்லை’ என்று எழுதுவதே எங்கள் முதல் விதி. வேறுபாடு காண்பதற்கு அரிதான சிறு உள்ளான்கள் தொலைவில் நிற்கும்போது அவற்றை ‘சிறு கரைப்பறவைகள்’ என்று மொத்தமாகப் பதிவதில் குறையெதுவும் இல்லை. ஊகித்து எழுதிய பெயர் பின்னால் வரும் ஆய்வாளர் அனைவரையும் திசைதிருப்பிவிடும்.

இனி உமது கேள்விக்கு வருகிறேன். ஈரநிலங்களுக்கான ராம்சார் உடன்படிக்கை 1971 பெப்ரவரி 2 ஆம் திகதி ஈரானில் கைச்சாத்திடப்பட்டது. ஓர் ஈரநிலத்தை உலக முக்கியத்துவம் உடையதாக ஏற்பதற்கு அதன் கீழுள்ள அளவுகோல்களுள் நீர்ப்பறவைகளுக்கென்று உள்ள இரண்டும் முழுக்க முழுக்க எண்ணிக்கையிலேயே தங்கியிருக்கின்றன. 20,000 நீர்ப்பறவைகளை வழமையாகத் தாங்கும் இடம், அல்லது ஒரு நீர்ப்பறவை இனத்தின் ஏதேனும் ஒரு குடித்தொகையில் நூற்றுக்கு ஒரு பங்கை வழமையாகத் தாங்கும் இடம், அந்தத் தகுதியைப் பெறும். ‘வழமையாக’ என்பதை மெய்ப்பிப்பதற்கு ஆண்டுக்கணக்கில் அதே இடத்தில் எழுதிய பதிவு வேண்டும். ஒரு நாள் எடுத்த அழகான புகைப்படம் அதற்கு உதவாது. இலங்கையில் இதுவரை ஆறு இடங்கள் இந்தப் பட்டியலில் சேர்ந்திருக்கின்றன. வடக்கில் மன்னார் வங்காலைச் சரணாலயம் 2010 இல் சேர்ந்தது. எங்கள் குடாநாட்டில் ஓரிடமும் இல்லை. 1938 இல் சரணாலயமாகி, 2015 இல் தேசிய பூங்காவாக உயர்த்தப்பட்ட சுண்டிக்குளத்தைப் பார்க்கும்போதெல்லாம் அதுவும் அந்தப் பட்டியலில் சேர வேண்டும் என்ற எண்ணமே எங்களுக்கு வருகிறது.

‘வெறும் தரவைதானே, உப்பு வெளிதானே’ என்று எவரும் சொல்லிவிடக்கூடிய நிலம் எங்களுடையது. காடு என்றால் மரம் நிற்பது கண்ணுக்குத் தெரிகிறது, வெட்டினாலும் தெரிகிறது. சேற்றுவெளியின் செல்வம் சேற்றுக்குள் இருக்கிறது. அதனால்தான் அதில் குப்பை கொட்டுகிறார்கள், மண் போட்டு நிரப்புகிறார்கள், உந்துருளியில் குறுக்கே ஓடுகிறார்கள். பதிவேட்டில் எழுதப்படாத நிலம் வெறும் நிலமாகவே கணிக்கப்படும் என்பது எங்கள் அச்சம். அந்த அச்சத்தினாலேயே எண்ணுகிறோம்.

வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது பூநாரையைத்தான். அதில் தவறில்லை, சேற்றைக் காலால் மிதித்துக் கலக்கிவிட்டு, தலையைத் தலைகீழாக நீரில் வைத்து, நாக்கினால் நீரை உள்ளிழுத்து வெளித்தள்ளி நுண்ணுயிர்களை வடித்தெடுக்கும் அந்தப் பறவையைப் பார்த்து நிற்பது பெரும் இன்பமே. ஆயினும் எங்கள் வட்டத்தின் உள்ளம் இப்போது வேறொரு பறவையில் இருக்கிறது. உப்புக்கொத்தி வகையில், ஏறக்குறைய சிட்டுக்குருவியின் அளவேயான, மணல் நிற முதுகும் வெள்ளை வயிறும் கொண்ட ஒரு சின்னப் பறவை. நீண்ட காலமாக இதனை ஐரோப்பாவரை பரந்திருக்கும் கென்டிஷ் உப்புக்கொத்தியின் கிளை என்றே கருதி வந்தார்கள். இலங்கை, சீனா முதலிய நாடுகளின் ஆய்வாளர்கள் சேர்ந்து மரபணுவையும் உடலமைப்பையும் ஒப்பிட்டு, இது தனி இனம் என்று 2023 இல் நிறுவினார்கள். இராமர் அணையை நினைவில் வைத்து அனுமன் உப்புக்கொத்தி என்று பெயரும் அமைந்தது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் இது பூநாரையைப் போல வந்துபோகும் விருந்தாளி அல்ல, இங்கேயே கூடுகட்டி இங்கேயே குஞ்சு பொரிக்கும் குடி.

கூடு என்று சொன்னேனே, அதை நீர் பார்த்தால் கூடு என்று நம்பமாட்டீர். காய்ந்த உப்புத்தரையில் ஒரு சிறு குழி. அதன் விளிம்பில் சில சிப்பித் துண்டுகள். நடுவில் மண்நிறத்தில் கரும்புள்ளிகள் தெளித்த இரண்டு மூன்று முட்டைகள். ஓரடி தூரத்தில் நின்றும் கண்ணுக்குப் படாது. ஆள் நெருங்கினால் தாய்ப்பறவை ஓசையின்றி எழுந்து, குனிந்தபடி சற்றுத் தூரம் ஓடி, சிறகு முறிந்ததுபோல ஒரு பக்கமாகச் சாய்ந்து தரையில் இழுபடும். எங்களைக் கூட்டிலிருந்து அப்புறப்படுத்துவதற்கு அது செய்யும் உபாயம் அது. அப்படி இழுபடுவதைக் கண்டவுடன் வந்த வழியே, வந்த அடிச்சுவட்டிலேயே திரும்ப வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். வெயிலேறிய வேளையில் தாய் எழுந்து நின்றால் முட்டை அவிந்து போகும். காகமும் தெருநாயும் அருகிலேயே காத்திருக்கும். ஆகவே கூட்டுக் காலத்தில் புகைப்படம் எடுப்பதை எங்கள் வட்டத்தில் முற்றாக நிறுத்திவிட்டோம். இதனால் மனவருத்தப்பட்டு விலகியவர்களும் உண்டு. அவர்கள் நல்லவர்கள், திறமைசாலிகள். எனினும் இந்தத் தீர்மானத்தில் நான் உறுதியாகவே நிற்கிறேன்.

கரையில் கிடக்கும் தங்கூசி என்னும் மெல்லிய நைலோன் இழை வலைத் துண்டுகளைப் பொறுக்குவது எங்கள் மற்றொரு வேலை. அண்மையில் மண்டைதீவுப் பக்கத்தில் ஒரு மணல் உப்புக்கொத்தி ஒற்றைக்காலில் தத்தித் தத்திப் போவதைக் கண்டு, அந்தக் கடற்றொழிலாளர் அண்ணை மெல்லப் பிடித்துத் துணியால் தலையை மூடினார். தலை மூடியதும் பறவை அமைதியாகிவிட்டது. தங்கூசி காலைச் சுற்றி இறுகித் தோலுக்குள் புதைந்திருந்தது. மாணவி ஒருத்தி நகவெட்டியின் சின்னக் கத்தரியால் இழை இழையாக வெட்டி எடுத்தாள். விட்டவுடன் பறந்து போய்க் கூட்டத்தோடு இறங்கிற்று. பிழைத்திருக்கும் என்றே நம்புகிறோம். சேர்க்கும் துண்டுகளைக் கடற்றொழிலாளர் சங்கக் கட்டடங்களில் கொண்டுபோய்க் காட்டிப் பேசுகிறோம். குற்றஞ்சாட்டும் குரலில் பேசினால் ஒருவரும் கேட்கமாட்டார்கள். அண்ணை பேசினால் கேட்கிறார்கள்.

பாடசாலைகளில் மாதந்தோறும் ஒரு வகுப்பும் ஒரு நடையும் வைக்கிறோம். பிள்ளைகளை முதலில் கடற்கரைக்குக் கொண்டுபோவதில்லை, பனங்கூடலுக்கே கொண்டுபோகிறோம். காவோலையின் அடிப்புறத்தில் இறகையும் பஞ்சையும் எச்சிலால் ஒட்டிக் கூடு வைக்கும் பனை உழவாரனை அண்ணாந்து பார்க்கச் சொல்வோம். போர்க்காலத்தில் ஷெல் விழுந்து வட்டை இழந்து மொட்டையாக நிற்கும் பனைகள் இன்னமும் சில ஊர்களில் இருக்கின்றன. அவற்றின் பொந்துகளில் கிளிகள் குடியிருக்கின்றன. அந்த மரங்களைத் தறித்து விறகாக்க வேண்டாம் என்று காணிக்காரரிடம் பிள்ளைகளே போய்க் கேட்டு, சிலர் இணங்கியும் இருக்கிறார்கள். ஒக்டோபரில் ஆறுமணிக்குருவி வந்து எங்கள் வளவுகளில் காலையும் மாலையும் கூப்பிடத் தொடங்கியதும், அதை எந்தப் பிள்ளை முதலில் கேட்டது என்று திகதியோடு எழுதி வைக்கும் ஒரு பழக்கத்தையும் ஏற்படுத்தியிருக்கிறோம். இதில் பிள்ளைகள் காட்டும் ஆர்வம் பெரியவர்களிடம் இல்லை.

மண்டைதீவைப் பற்றிக் கேட்டிருந்தீர். சர்வதேச கிரிக்கெற் மைதானத்துக்கு 2025 செப்டெம்பரில் அங்கே அடிக்கல் நாட்டப்பட்டது. எங்கள் இளைஞர்களுக்கு மைதானம் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. நீர் துடுப்பாடிய காலத்தை நான் மறக்கவில்லை. ஆனால் கண்டலும் சேற்றுவெளியும் சூழ்ந்த ஒரு சிறு தீவில் அத்தகைய கட்டுமானம் எழும்போது மழைநீர் எங்கே போகும், இரவு விளக்குகள் எந்தப் பக்கம் பார்க்கும், நிரப்புவதற்கு மண் எங்கிருந்து வரும் என்ற கேள்விகளுக்குத் தெளிவான விடை வேண்டும் என்பதே எங்கள் நிலைப்பாடு. வட்டத்துக்குள்ளேயே இருவேறு கருத்துகள் உண்டு. இரு சாராரும் ஒத்துக்கொள்ளும் ஒரு விடயம், கையில் எங்கள் எண்ணிக்கை இருந்தால்தான் எங்களை அழைத்துப் பேசுவார்கள் என்பது.

எண்ணிக்கையின் குறை எங்கே இருக்கிறது என்பதை இப்போது சொல்கிறேன். உம்மிடம் கேட்க வேண்டியதும் அதுவே. போர் நடந்த பல ஆண்டுகளில் இந்தக் கரைகளில் பலவற்றுக்குப் போகவே முடியாது. தொலைநோக்கியைக் கையில் வைத்திருப்பதே சந்தேகத்துக்கு இடமளித்த காலம் அது. ஆகவே ஒரு கரையில் இப்போது நாம் காணும் தொகை கூடியதா குறைந்ததா என்று ஒப்பிடுவதற்கு எங்களிடம் போதிய பழைய பதிவு இல்லை. உமது தகப்பனார் வேலணையில் ஆசிரியராக இருந்தபோது நாட்குறிப்பு எழுதியவர் அல்லவா? மழை பெய்த நாள், கிணற்று நீர் உவர்த்த நாள், பூநாரை இறங்கிய நாள் எல்லாம் அதில் இருந்ததாக நீர் ஒருமுறை சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. அந்தக் கொப்பிகள் உம்மிடமோ தங்கையிடமோ இருந்தால், பறவைகள் பற்றிய பக்கங்களை மட்டுமாவது படம்பிடித்து அனுப்பும். தொகை எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதில்லை. இன்ன மாதத்தில் இன்ன கரையில் இன்ன பறவை நின்றது என்றிருந்தாலே போதும். கொப்பிகள் இல்லையென்றால், செட்டிபுலம் பக்கம் நாம் நடந்து திரிந்த நாட்களில் உமது கண்ணில் பட்டவற்றை நினைவிலிருந்து எழுதியனுப்பும். நினைவுப் பதிவு என்று தனியாகக் குறித்து வைத்துக்கொள்வோம்.

அடுத்த தை மாதத்தில் வருவதாக எழுதியிருந்தீர். கணக்கெடுப்பு மாத நடுவில் வரும். பொங்கலை ஒட்டி வந்து சேர்ந்தால் இரண்டும் கிடைக்கும். எங்கள் வீட்டிலேயே தங்கலாம். முக்காலியில் பொருத்தும் பெரிய தொலைநோக்கி ஒன்றே எங்கள் வட்டத்திடம் இருக்கிறது, அதுவும் பழையது. அங்கே உமது கழகத்தில் எவராவது பாவித்த ஒன்றை விற்க எண்ணினால் விலையை விசாரித்து எழுதும், பணத்தை இங்கே சேர்த்து வைக்கிறோம். வெயிலுக்குத் தொப்பியும் சேற்றுக்கு உகந்த பழைய சப்பாத்தும் கட்டாயம் கொண்டுவாரும்.

வீட்டாருக்கு எங்கள் அன்பைச் சொல்லும்.

இப்படிக்கு,
உமது அன்பு நண்பன்